ஜோசப் ஒப்பினெல்: வில் இல்லாத வில்லுக்கத்தி

பலேர்மோ நகரின் வியா மக்வேதாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்துகொண்டிருந்தேன். வலது கை அடிக்கடி கால்சட்டைப் பைக்குள் போய் வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தது. வழக்கமாக அங்கே இருக்கும் பொருள் அன்று இல்லை. அது மரப்பிடி போட்ட ஒரு மடக்குக்கத்தி. அலகு எட்டரை சென்டிமீட்டர், எடை சுமார் 45 கிராம். பையில் இருப்பதே தெரியாது. கிரெனோபிளில் முதுநிலைப் பொறியியல் படிக்க வந்த வருடம் வாங்கியது. படிப்பு முடிந்து அங்கேயே பொட்டி தட்டும் வேலையில் ஒட்டிக்கொண்டு பல வருடங்கள் ஆகிவிட்டன. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆப்பிள், ஊரிலிருந்து வரும் பார்சலின் நூல் என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கத்திதான்.

அன்று காலை அதை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டவர் நண்பரின் அண்ணன். நானும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் பலேர்மோ வந்தவர். வியா மக்வேதாவிலிருந்து பல்லரோ சந்தைக்குப் போகும் சந்து ஒன்றில், மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். மோந்தே பெல்லெக்ரினோ மலையிலுள்ள சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போகலாம் என்று புறப்பட்டோம். பலேர்மோத் தமிழர்கள், சைவர்கள் உட்பட, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குகைக் கோயிலுக்குப் போவது பலர் எழுதிய விஷயம்தான். வழியில் சாப்பிட ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் எடுத்துக்கொண்டேன். கத்தியையும் பையில் போட்டேன். அண்ணன் அதைப் பார்த்ததும் கையை நீட்டினார். வில்லுக்கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

இத்தாலியில் 1975-ஆம் ஆண்டின் 110-ஆம் எண் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. நியாயமான காரணம் இல்லாமல், காயப்படுத்தக்கூடிய கூர்மையான பொருளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். பழம் நறுக்குவது நியாயமான காரணம்தானே என்றேன். மலையில் உட்கார்ந்து நறுக்கும்போது அது காரணம், பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அதைக் காரணம் என்று நீ விளக்க வேண்டியிருக்கும் தம்பி என்றார் அண்ணன். எந்த மொழியில் விளக்குவாய் என்றும் கேட்டார். எனக்கு இத்தாலிய மொழியில் காப்பி வாங்கத்தான் தெரியும். இருபது வருடங்களுக்கு மேல் உணவகச் சமையலறைகளில் பெரிய பெரிய கத்திகளோடு நின்றவர் அவர். ஒரு நாள்கூடச் சட்டைப்பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியதில்லையாம். நம்முடைய நிறத்தில் இருப்பவர்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லாதபடி நடந்துகொள்வதே நல்லது என்பது அவர் கட்சி. எனக்கு அது உறுத்தியது. மறுக்கவும் முடியவில்லை.

ஆகவே வெறும் பையோடு நடந்தேன். போகும் வழியில் அந்தக் கத்தியைச் செய்தவரின் கதையை அண்ணனுக்குச் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

வியா மக்வேதா 1600 வாக்கில் ஸ்பானிய ஆளுநரான மக்வேதா கோமகன் போடவைத்த நேர்த்தெரு. அது பழைய கஸ்ஸாரோ தெருவை வெட்டும் இடம்தான் குவாத்ரோ கான்தி என்னும் நாற்சந்தி. நான்கு மூலைகளிலும் வளைந்த சுவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பருவம், ஒரு ஸ்பானிய அரசர், ஒரு புனிதை என்று சிலைகள். கஸ்ஸாரோவுக்கு இன்றைய பெயர் விக்டர் இம்மானுவேல் தெரு. இந்த விக்டர் இம்மானுவேல் சவோய் வம்சத்தின் அரசர். என் கத்தி பிறந்ததும் சவோயில்தான். ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் அந்தச் சின்ன நாட்டுக்கும் சிசிலிக்கும் என்ன உறவு?

உறவு இரண்டு முறை ஏற்பட்டது. 1713-ல் சவோய் கோமகன் இரண்டாம் விக்டர் அமதேயு சிசிலிக்கும் அரசரானார். நாற்சந்தியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் பேராலயத்தில்தான் அவருக்கு முடிசூட்டினார்கள். 1720-ல் சிசிலியைக் கொடுத்துவிட்டுச் சார்தீனியாவை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அடுத்தது 1860. அந்த வசந்தத்தில் சவோய் அரசர் இத்தாலியை ஒன்றுசேர்க்கப் பிரான்சின் ஆதரவு வேண்டித் தன் மூதாதையரின் மலைநாட்டையே பிரான்சுக்குக் கொடுத்தார். அதே மே மாதம் கரிபால்டியின் படை பலேர்மோவுக்குள் நுழைந்தது. சவோய் போயிற்று, சிசிலி வந்தது. ஒரே வருடத்தில்!

இந்த மாற்றத்தில் தேசம் மாறியவர்களில் ஒப்பினெல் குடும்பமும் ஒன்று. மோரியென் பள்ளத்தாக்கில் சேன் ழான் த மோரியென் என்ற சிற்றூர். அதற்கு மேலே அல்பியே லெ வியே கிராமம், அதில் ஜெவூதா என்ற குக்கிராமம். அங்கே 1800-களின் தொடக்கத்தில் ஆணி அடித்து, ஊர் ஊராகச் சுமந்து விற்றவர் விக்டர் அமதே ஒப்பினெல். பலேர்மோவில் முடிசூடிய அதே அரசரின் பெயர்தான். நம் ஊரில் ராஜேந்திரன் என்று பெயர் வைப்பதுபோல. அவர் மகன் டானியல் கோடரி, அரிவாள், கவாத்துக் கத்தி போன்ற வெட்டுக்கருவிகள் செய்பவர். சுற்றுவட்டாரத்தில் அவர் பட்டறைக்கு நல்ல பெயர். டூரின் அரசரின் குடிமகனாகப் பிறந்த அவர், தந்தையானபோது பிரெஞ்சுக்காரராகியிருந்தார். அவருடைய மகன் ஜோசப் 1872-ல் பிறந்தார்.

அதற்கு முந்தைய வருடம்தான் மலையைக் குடைந்து இத்தாலிக்கு ரயில் விட்டிருந்தார்கள். ஷாம்பெரியிலிருந்து மோரியென் பள்ளத்தாக்கு வழியாக டூரினுக்கு. ஜோசப்பின் கதையில் இந்த ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜோசப்புக்கு இயந்திரங்கள் மேல் மோகம். புகைப்படக் கலை புதிதாகப் பரவிக்கொண்டிருந்த காலம். கேமராவைத் தானே செய்துகொண்டு, அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்தவர். இந்தக் காலமாக இருந்தால் நம்மோடு கணினித் துறையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பதினெட்டு வயதில், 1890-ல், தந்தையின் பட்டறையில் வேலைக்கிடையே நண்பர்களுக்காகச் சில மடக்குக்கத்திகள் செய்தார். வீட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவை கோடரியும் அரிவாளும்தான். பாக்கெட் கத்தி அந்த வரிசையில் இல்லாத பொருள். நண்பர்கள் மேலும் கேட்டார்கள். அவரும் செய்தார்.

அந்தக் கத்தியில் என்ன புதுமை? இங்கேதான் அண்ணன் சொன்ன வில்லுக்கத்தி என்ற சொல் எனக்கு உதவியது. தமிழ்நாட்டில் நாங்கள் பேனாக்கத்தி என்போம். இறகுப் பேனாவின் முனையைச் சீவிய காலத்து ஆங்கிலப் பெயரின் மிச்சம் அது. யாழ்ப்பாணத்துப் பெயர் இன்னும் பொருத்தமானது. சாதாரண மடக்குக்கத்தியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை இருக்கும். அதுதான் வில். அலகைத் திறக்கும்போது வில் வளைந்து கொடுக்கும், திறந்தபின் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்த வில்லைத் தாங்க இருபுறமும் உலோகத் தகடு, தகட்டின்மேல் கொம்போ மரமோ, இவற்றைச் சேர்க்கப் பல ஆணிகள். வில்லின் பதம் கொஞ்சம் தவறினாலும் கத்தி தளரும், அல்லது நகம் பெயரும். தேர்ந்த கைகள் நிறைய நேரம் செலவழித்தால்தான் ஒன்று உருவாகும். விலையும் அப்படித்தான் இருக்கும்.

ஜோசப் வில்லை எடுத்துவிட்டார். வில் போனதும் தகடுகள் தேவையில்லை. தகடுகள் போனதும் ஆணிகள் தேவையில்லை. மிஞ்சியவை நான்கே பொருள்கள். உருட்டிக் கடைந்த ஒரு மரப்பிடி, அதன் நீளத்துக்கு ரம்பத்தால் அறுத்த ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் மடங்கும் ஓர் அலகு. பிடியின் தலையில், மரம் பிளந்துவிடாமல் இறுக்கும் ஓர் உலோகப் பூண். பூண், மரம், அலகு மூன்றையும் ஊடுருவி நிற்கும் ஒரே ஓர் ஆணி. அலகைப் பிடித்து நிறுத்துவது வெறும் உராய்வுதான். நம் ஊர் உலக்கைக்கும் உளிப்பிடிக்கும் பூண் போடுகிறோமே, அதே வேலைதான் இந்தப் பூணுக்கும். ஒரு பட்டறைக்காரரின் மகனுக்குக் கைவந்த உத்தி. கோடரியும் அரிவாளும் செய்கிற வீட்டில் பிறந்ததால்தான், வழக்கமான கத்திக்காரர்கள் விடமுடியாத வில்லை அவரால் விடமுடிந்தது என்பது என் ஊகம்.

அலகின் முனை கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும். துருக்கிய யத்தகான் வாளின் சாயல் என்பார்கள். மெல்லியதாகத் தீட்டிய அலகு என்பதால் பாலாடைக்கட்டியில் சிக்காமல் இறங்கும். மழுங்கினால் ஒரு சாணைக்கல் போதும்.

1897-ல் ஜோசப் இன்னொரு காரியம் செய்தார். ஒரே வடிவத்தைப் பன்னிரண்டு அளவுகளில், 1 முதல் 12 வரை எண் போட்டு வரிசைப்படுத்தினார். அலங்காரப் பெயர்கள் கிடையாது, வெறும் எண்கள். 2-ஆம் எண்ணின் அலகு மூன்றரை சென்டிமீட்டர். 12-ஆம் எண்ணுக்கு 12 சென்டிமீட்டர். பிற்பாடு 1 மிகச் சிறியது என்றும், 11 தன் இரு பக்கத்து எண்களுக்கும் மிக அருகில் இருக்கிறது என்றும் கைவிடப்பட்டன. வரிசையிலும் தேவையில்லாததை விட்டுவிட்டார்கள். என் பையில் இருப்பது 8. இந்த இடத்துக்கு வந்தபோது நாங்கள் வியா மக்வேதாவின் வடக்குக் கோடியில் தெயாத்ரோ மாசிமோவின் படிகளுக்கு எதிரே நின்றிருந்தோம். அந்தப் பிரம்மாண்டமான இசைநாடக அரங்கமும் திறக்கப்பட்டது 1897-ல்தான் என்பதை அண்ணன் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒன்று கட்டி முடிக்க இருபது வருடங்களுக்கு மேல் ஆன கட்டடம். இன்னொன்று நான்கு துண்டுப் பொருள்.

எளிய பொருளைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. ஆயிரமாவது கத்தியும் முதல் கத்தியைப் போலவே இருக்கச் செய்வது மறுபாதி. மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது தெரியும். நம் மேசையில் ஓடுவது எல்லார் மேசையிலும் ஓட வேண்டும். 1901-க்கும் 1903-க்கும் இடையில் ஜெவூதா பாலத்தருகே ஜோசப் தன் தொழிற்சாலையைக் கட்டினார். மரப்பிடிகளைப் பெருமளவில் செய்ய ஓர் இயந்திரத்தையும் வடிவமைத்தார். பிடியைக் கையால் இழைத்துக்கொண்டிருந்தால் விலை ஏறும். விலை ஏறினால் அந்த மலைக்காட்டு விவசாயி வாங்கமாட்டார். இயந்திரப் பித்தர் தன் பித்தையெல்லாம் கத்தியில் காட்டாமல், கத்தியைச் செய்யும் கருவியில் காட்டினார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்த குணம் இதுதான்.

விற்பனைக்கு முதலில் தாத்தாவின் வழிதான். தலைச்சுமை வியாபாரிகள் எடுத்துப்போனார்கள். பிறகு ஷாம்பெரி ரயில் நிலையத்தருகே ஒரு சின்னக் கடை. பாரிஸ், லியோன், மத்தியதரைக் கடல் பகுதிகளை இணைத்த ரயில் கம்பெனியின் தொழிலாளர்கள் அங்கே வாங்கி, போகுமிடமெல்லாம் கத்தியின் பெயரைக் கொண்டுபோனார்கள். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, பையிலிருந்து கத்தியை எடுத்து ரொட்டியை அறுக்கும் ஒரு தொழிலாளியைவிட நல்ல விளம்பரம் என்ன இருக்க முடியும்?

1909-ல் முத்திரையைப் பதிவு செய்தார். ஆசீர்வதிக்கும் ஒரு கை, அதன்மேல் ஒரு கிரீடம். கை, சேன் ழான் த மோரியென் ஊரின் சின்னம். புனித யோவானின் விரல்கள் என்று போற்றப்படும் திருப்பண்டம் அந்த ஊர்ப் பேராலயத்தில் இருக்கிறது. கிரீடம் சவோய் கோமகன்களுடையது. சவோய் பிரான்சுக்குப் போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிற நேரத்தில், பிரெஞ்சுக் குடிமகனாகவே பிறந்த ஒருவர் பழைய மலைநாட்டின் கிரீடத்தைத் தன் கத்தியில் பொறிக்கிறார். இதில் அரசியல் எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தான் எங்கிருந்து வருகிறேன் என்பதை ஓர் எளிய மனிதர் சொல்லும் விதம். வெளிநாட்டில் கடை திறந்து ஊர்ப்பெயரைப் பலகையில் எழுதும் நம்மவர்களுக்கு இது சட்டென்று புரியும். 1911-ல் மலைக்கு அந்தப் பக்கம், டூரின் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

முதல் உலகப்போர்க் காலத்தில் ஷாம்பெரியை அடுத்த கொன்யேனில் பெரிய தொழிற்சாலைக்கு இடம் பிடித்தார். மலையைவிட்டு ரயிலருகே இறங்கிவந்தார் என்று சொல்லலாம். 1926-ல் தீ அந்தத் தொழிற்சாலையைத் தின்றது. ஜோசப்புக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. மீண்டும் கட்டினார்கள். இரண்டாம் உலகப்போர் தொடங்குவதற்குள் சுமார் 2 கோடிக் கத்திகள் விற்றிருந்தன. பட்டறை வாரிசாக மகன்கள் மார்செலும் லியோனும் இருந்தார்கள்.

ஆனால் வில்லை எடுத்ததற்கு ஒரு விலை இருந்தது. உராய்வை மட்டும் நம்பிய அலகு, குத்தி அழுத்தும்போது சட்டென்று மடங்கி விரலை வெட்டக்கூடும். 1955-ல் மகன் மார்செல் இதற்கு ஒரு வழி கண்டார். பூணின்மேல் சுழலும் இன்னொரு வளையம், அதில் ஒரு வெட்டு. வெட்டு அலகுக்கு நேராக நிற்கும்போது கத்தி மடங்கும். கொஞ்சம் திருப்பிவிட்டால் மடங்காது. அவ்வளவுதான். நான்கு பொருள்கள் ஐந்தாயின. 1890-ல் முதல் பதிப்பு, அடுத்த முக்கியப் பதிப்பு 1955-ல்! எங்கள் அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வெளியிடுகிறோம். அதில் எத்தனை அறுபத்தைந்து வருடங்கள் தாங்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. குறைத்துக்கொண்டே போவது மட்டும் எளிமை அல்ல. பயன்படுத்தும் விரல் கேட்டால் ஒன்றைச் சேர்க்கவும் வேண்டும், விரல் கேட்டதை மட்டும். அப்பா எடுத்ததும் மகன் சேர்த்ததும் ஒரே புத்தியிலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வளையம் வந்தபோது ஜோசப் எண்பதைத் தாண்டிய கிழவர். 1960-ல் காலமானார்.

1985-ல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் அழகான 100 பொருள்களின் வரிசையில் இந்தக் கத்தியை வைத்தது. போர்ஷே காரும் ரோலக்ஸ் கடிகாரமும் அதே வரிசையில் இருந்தன. 1989-ல் ஒப்பினெல் என்ற சொல் லரூஸ் அகராதிக்குள் நுழைந்தது. குடும்பப் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. நண்பர்களுக்காகச் செய்தவர் இவற்றில் எதையும் பார்க்கவில்லை.

கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். ஆரஞ்சை நகத்தால் உரித்தே தின்றோம். மாலையில் அண்ணன் வீட்டுச் சமையலறையில் கத்தி மீண்டும் வெளியே வந்தது. மீனுக்கு எலுமிச்சை நறுக்கினார், வெங்காயம் நறுக்கினார். எடை போதாது, ஆனால் நன்றாக வெட்டுகிறது என்று தொழில்காரராகத் தீர்ப்புச் சொன்னார். பிறகு வழக்கப்படி கழுவி மடக்கி, ஈரத்தோடு பாத்திரத் தொட்டியிலேயே போட்டுவிட்டார். இரவு எடுத்துத் திறந்தால் அலகு வரவில்லை. மரம் தண்ணீர் குடித்து ஊதி அலகைக் கவ்விக்கொண்டது. வில் இல்லாத கத்தியின் இன்னொரு குறை இது. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். சவோயார் தட்டு என்றே அதற்குப் பெயர். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் அடிப்பாகத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு. அலகு அரை விரலளவு எழுந்து நிற்கும். செய்து காட்டினேன். அண்ணன் சிரித்துவிட்டார். தானும் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பும்போது கத்தியை அவர் சமையலறை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஷாம்பெரி எனக்கு ஒரு மணிநேர ரயில்பயணம்தான், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். தெருவில் அதைப் பற்றி அவர் சொன்னது சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ரொட்டி அறுக்கப் பிறந்த பொருளுக்கு, எடுத்துப்போகிறவரின் முகத்தைப் பொறுத்து அர்த்தம் மாறுவது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தத் தெருவில் நடந்தவர் அவர், நான் நடந்தது ஒரு காலைப்பொழுது. ஒன்று மட்டும் நிச்சயம். ஜோசப் அதைச் செய்தது சாப்பாட்டு நேரத்துக்காக. அண்ணன் வீட்டில் அது அந்த வேலையில்தான் இருக்கிறது.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது கேட்டேன். மரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசி வைத்திருக்கிறாராம். இப்போது தட்டாமலே திறக்கிறதாம்.